மான் வேட்டைக்கு ஒன்பது சீர்த்தட்டு

பெண்ணைப் பெற்றவனுக்குச் சம்பந்தி கூப்பிட்டால் "வர முடியாது" என்று சொல்ல வாய் வராது. காதுகுத்துக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும், கருமாதிக்குக் கூப்பிட்டாலும் போக வேண்டும். என் சம்பந்தி மான் சுடக் கூப்பிட்டார். போனேன்.

அதற்கு முன் நான் வாழ்க்கையில் சுட்டதெல்லாம் விருதுநகர்ப் பொருட்காட்சியில் ஒரே ஒரு பலூன். (அதுவும் பக்கத்துக் கடைக்காரனுடையது.) சிட்னிக்கு வந்த பிறகு இருபத்திரண்டு வருடமாக வெஸ்ட்மீட் பக்கம் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஆயிரக்கணக்கான பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் காட்டில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பது எனக்குக் கைவந்த கலை என்று மனதார நம்பினேன். அடுத்தவனை அசையாதே என்று சொல்வது வேறு, நாம் அசையாமல் இருப்பது வேறு என்கிற ஞானம் எனக்கு ஐம்பத்தாறாவது வயதில், ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் வந்தது.

கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஒரே மகள், அகிலா. அவள் டேனியல் என்ற வெள்ளைக்காரப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றபோது நானும் என் மனைவி வள்ளியும் முறைப்படி மூன்று வாரம் சோகமாக இருந்துவிட்டு, நான்காவது வாரம் மண்டபம் பார்க்க ஆரம்பித்தோம். பையன் தங்கமான பையன். சாம்பாரைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பான். பிரச்சினை அவனிடம் இல்லை. இருவரும் ஒரு பூங்காவில் இருபது நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு, வந்தவர்களுக்கு சாசேஜ் ரோல் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தார்கள். வள்ளிக்கு அதைக் கேட்டதும் ரத்த அழுத்தம் ஏறியது. ஒரே பெண்ணின் கழுத்தில் தாலி ஏறுவதைக் கோயிலில் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் நான் எதற்கு இருக்கிறேன் என்றாள். நீங்கள் எதற்கு இருக்கிறீர்கள் என்று என்னையும் கேட்டாள்.

டேனியல் ஒரு நிபந்தனை சொன்னான். "எனக்குக் கோயில் ஓகே அங்கிள். ஆனா அப்பா வரணும். அப்பா இல்லாம அவ்வளவு பெரிய ஃபங்ஷன் நான் பண்ண மாட்டேன்."

அவனுடைய அப்பாதான் கிரேம். சிட்னியிலிருந்து பல மணி நேரம் தள்ளி, மட்ஜி என்கிற ஊரைத் தாண்டி ஒரு பண்ணையில் தனியாக இருந்தார். மனைவி லின் இறந்து நான்கு வருடம். அதன் பிறகு சிட்னி பக்கமே வந்ததில்லை. டேனியல் ஒருமுறை போனில் கோயில் பேச்சை எடுத்தானாம். "கூட்டம் எனக்குச் சரிப்படாது, பார்க் வேணும்னா வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாராம்.

ஆக, வள்ளியின் கோயில் கல்யாணம் கிரேமுடைய தலையசைப்பில் தொங்கியது. இந்தச் சமயத்தில்தான் அவர் தானாகவே டேனியல் மூலம் செய்தி அனுப்பினார்: ஏப்ரல் மாதம் கொம்புள்ள பெரிய மான் இறங்கும், பெண்ணின் அப்பாவுக்கு இஷ்டமிருந்தால் ஒரு வார இறுதி வந்து பார்க்கட்டும்.

அகிலா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எச்சரித்தாள். "அப்பா, ஹி நெவர் இன்வைட்ஸ் எனிவன். ப்ளீஸ், ஓவரா எதுவும் பண்ணாதீங்க. ஜஸ்ட் உட்கார்ந்து மானைப் பாருங்க."

"நான் என்னைக்கும்மா ஓவரா பண்ணியிருக்கேன்?"

அவள் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

ஓவராகப் பண்ணியது நான் இல்லை என்று இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் வேலையிலிருந்து வந்தால் வரவேற்பறையில் ஒன்பது எவர்சில்வர் தட்டுகள். தேங்காய், சீப்புச் சீப்பாக வாழைப்பழம், அச்சுவெல்லம், லட்டு, முறுக்கு, வெற்றிலை பாக்கு எலுமிச்சை, மஞ்சள் குங்குமம், மல்லிகைப்பூ. ஒன்பதாவது தட்டில் நாலு விரல் ஜரிகை போட்ட பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், அதன் மேல் கோயிலில் வாங்கிய பஞ்சாமிர்த பாட்டில்.

"வள்ளி, அவர் மான் சுடக் கூப்பிட்டிருக்காரு."

"அவர் மான் சுடட்டும், மயில் சுடட்டும். நாம மொதத் தடவையா சம்பந்தி வீட்டுக்குப் போறோம். வெறுங்கையை வீசிட்டுப் போனா நாளைக்கு என் பொண்ணைத்தானே சொல்லுவாங்க?"

"யாரு சொல்லுவா? அங்க அவரும் நானூறு ஆடும்தான் இருக்கு."

"ஏன், ஆடு பார்க்காதா?"



தட்டுகளைக் கொண்டுபோக வழி சொன்னவர் பக்கத்து வீட்டு சிவநேசன் அண்ணன். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்றவர், எந்த விஷயத்திலும் அனுபவம் இல்லாமலேயே ஆலோசனை சொல்லக்கூடியவர். தன் கராஜிலிருந்து சவப்பெட்டி அளவுக்கு ஒரு ஐஸ்பெட்டியை இழுத்து வந்தார்.

"மீன் பிடிக்கப் போக வேணுமெண்டு வாங்கினனான் தம்பி. ஒருநாளும் போகேல்லை. தட்டெல்லாம் வடிவா அடங்கும், கொண்டு போங்கோ."

"ரொம்ப நன்றி அண்ணே."

"ஓம் ஓம். அங்கால காட்டில பண்டியள் கனக்க எண்டு சொல்லுறவை. வந்தா ஓடாதேங்கோ. மரத்தில ஏறி நில்லுங்கோ, ஒண்டும் செய்யாது." (பண்டி என்றால் அவர்கள் ஊர்ப் பேச்சில் பன்றி.)

வள்ளி பஞ்சாங்கமும் பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை நல்ல நேரம். அதற்குள் தட்டுகளைக் கிழக்குப் பார்க்கப் பரப்பி, சம்பந்தியிடம் விஷயத்தைச் சொல்லி, கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் நடக்காத காரியமும் நடக்கும் என்றாள். நான் படித்தவன், அறிவியல் வேலை பார்ப்பவன். அதனால் போனில் நாலே முக்காலுக்கு அலாரம் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தேன். கிரேம் வாசலிலேயே நின்றிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வறுத்த முகம், பழைய தொப்பி. (அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். சம்பந்தி என்பதால் "நீங்க" போட்டிருக்கிறேன். அந்த இரண்டு நாளில் அவர் பேசியதே ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.)

கை குலுக்கினார். பிறகு மூக்கை லேசாகச் சுருக்கினார்.

"வாசனை எதுவும் போட்டுக்க வேண்டாம்னு டேன் சொல்லலையா?"

சொல்லியிருந்தான். சோப்பு, சென்ட் எதுவும் கூடாது, மானுக்கு மூக்கு ரொம்பக் கூர்மை என்று இரண்டு முறை சொல்லியிருந்தான். ஆனால் சம்பந்தி வீட்டுக்குக் குளிக்காமல் போவதா என்று வள்ளி சந்தன சோப்பைக் கையில் திணித்து, நெற்றியில் சந்தனம் வைத்து, சட்டைக் காலரில் ஜவ்வாது தடவி அனுப்பியிருந்தாள். நான் நின்ற இடத்தில் சிறிய அளவில் ஒரு சந்தனக்காப்பு நடந்துகொண்டிருந்தது.

"காத்து நமக்குச் சாதகமா இருக்கு, சமாளிக்கலாம்" என்றார் கிரேம். பெருந்தன்மையான மனிதர்.

மூன்று மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். அவர் தோளில் துப்பாக்கி. என்னிடம் ஒரு பைனாகுலர், அப்புறம் அந்த ஐஸ்பெட்டி. துப்பாக்கியைத் தொட எனக்கு லைசென்ஸ் கிடையாது, தைரியமும் கிடையாது. ஐஸ்பெட்டியை நான் இழுத்துக்கொண்டு தடுமாறுவதைப் பார்த்து அவரே ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். உள்ளே தட்டுகள் கோயில் ஜால்ரா மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.

"நிறைய பீர் கொண்டுவந்திருக்கீங்க போல" என்றார்.

"கொஞ்சம் நொறுக்குத்தீனிதான்" என்றேன். மாப்பிள்ளையின் தகப்பனாரே தனக்கான சீரைத் தானே சுமந்துகொண்டு மலையேறிய கல்யாணம் எங்கள் வம்சத்தில் வேறு இருந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு சரிவின் விளிம்பில் போய் நின்றோம். கீழே புல்வெளி, அதற்கு அப்பால் மரங்கள். அந்த மரங்களுக்குள்ளிருந்துதான் மான் வருமாம். கிரேம் விளிம்பில் குப்புறப் படுத்தார். தனக்குப் பின்னால் ஐந்தாறு அடி தள்ளி, விழுந்து கிடந்த ஒரு அடிமரத்தைக் காட்டினார். அங்கே உட்கார வேண்டும், பேசக் கூடாது, அசையக் கூடாது. நான் வேலை பார்க்கும் இடத்தில் நான் சொல்வதையே எனக்குச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்தேன். கால் மரத்துப்போனது. மூக்கில் ஈ உட்கார்ந்தது. ஊரில் இருக்கும் எல்லா ஈயும் ஒரே நேரத்தில் ஜவ்வாது வாசனையைக் கண்டுபிடித்திருந்தது. நாலே முக்காலுக்குப் பையில் போன் அதிர்ந்தது. நல்ல நேரம் பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? சம்பந்தி துப்பாக்கியைப் பிடித்துக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறார், இப்போது வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கொடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பான். நானோ, நேரம் போய்விட்டால் கல்யாணமே போய்விடும் என்று பதறிக்கொண்டு, மெதுவாக நகர்ந்து, ஐஸ்பெட்டியைத் திறந்து, எனக்குப் பின்னால் வள்ளி கொடுத்த சமுக்காளத்தை விரித்து, ஒன்பது தட்டையும் கிழக்குப் பார்க்க வரிசையாகப் பரப்பினேன். சத்தம் வரக் கூடாது என்று ஒவ்வொரு தட்டையும் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போடுவது மாதிரி வைத்தேன். பஞ்சாமிர்த பாட்டில் வரும் வழியில் கசிந்து, பட்டு வேட்டியின் ஒரு ஓரத்தை நனைத்திருந்தது. கைக்குட்டையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது. சரி, மடித்து வைத்தால் தெரியாது என்று மடித்து வைத்தேன். அவர் திரும்பிப் பார்க்கும்போது தட்டுகளைக் கண்டு ஆச்சரியப்படுவார், அந்த ஆச்சரியத்தில் விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்பது திட்டம். திரும்பி அடிமரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அப்போது மான் வந்தது.

பொய் சொல்லக் கூடாது, அழகாக இருந்தது. உள்ளங்கையை விரித்த மாதிரி அகலமான கொம்பு. மரத்தை விட்டு இரண்டடி வெளியே வந்து நின்றது. கிரேமின் முதுகு கல்லானது. நானும் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பிடித்தேன்.

பின்னால் முறுக்கு கடிபடும் சத்தம் கேட்டது.

எனக்குச் சட்டென்று ஒரு சந்தோஷம் வந்தது. சம்பந்தி முறுக்கை எடுத்துவிட்டார், பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். சம்பந்தி எனக்கு முன்னால் படுத்திருக்கிறார் என்பது அரை நொடி கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அப்படியானால் முறுக்கு தின்பவர் யார் என்று திரும்பினேன்.

ஒரு தாய்ப்பன்றி, ஏழெட்டுக் குட்டிகள், கறுப்பாக ஒரு ஆண் பன்றி. நம் ஊர்த் தெருப்பன்றியை மனதில் வைத்துக்கொண்டு படிக்காதீர்கள். அந்த ஆண் பன்றி ஒரு ஷேர் ஆட்டோ அளவுக்கு இருந்தது. (வள்ளி இந்த இடத்தில் "போன வருஷம் ஸ்கூட்டர் சைஸுன்னு சொன்னீங்க" என்பாள்.) வாயின் இரண்டு பக்கமும் வளைந்த கோரைப்பல். பந்தி மரியாதை தெரிந்த குடும்பம். ஆளுக்கொரு தட்டாக உட்கார்ந்துவிட்டிருந்தன. குட்டிகள் லட்டில், தாய் வாழைப்பழத்தில். ஒரு குட்டி குங்குமத் தட்டில் மூக்கை விட்டுவிட்டு, மங்களகரமாக நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

கத்தினால் மான் ஓடிவிடும். கத்தாவிட்டால் சீர் போய்விடும். சத்தியமாகச் சொல்கிறேன், மானுக்காக நான் பொறுத்தேன். தேங்காய் உடைபட்டபோது பொறுத்தேன். அச்சுவெல்லம் போனபோது பொறுத்தேன். பிறகு அந்த ஆண் பன்றி ஒன்பதாவது தட்டுக்கு நகர்ந்து, பஞ்சாமிர்த வாசனைக்கு வேட்டியில் வாயை வைத்தது. அந்த வேட்டிக்காக வள்ளி எத்தனை கடை ஏறி இறங்கினாள் என்று எனக்குத் தெரியும். கார் ஓட்டியது நான்தான்.

"ஏய்! சூ! போ! சூ!"

எழுந்து ஓடிப்போய் வேட்டியின் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். பன்றி விடவில்லை. நானும் விடவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் நாலு முழம் பட்டு விறைத்து நின்றது. பின்னாலிருந்து கிரேமின் குரல் கேட்டது.

"நகரு! மேட், நகரு!"

அந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் 'மேட்', அதாவது நண்பா, என்பார்கள். பன்றிக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். அவருடைய துப்பாக்கிக்கும் பன்றிக்கும் நடுவில் சரியாக என் முதுகு இருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. பன்றி தலையை ஒரு உதறு உதறியது. நான் மஞ்சள் தட்டில் போய் விழுந்தேன். வேட்டி அதன் கோரைப்பல்லில் மாட்டி, கழுத்தைச் சுற்றி, முதுகில் விரிந்தது. அப்படியே திரும்பி மேட்டில் ஏறி ஓடியது. மாலை வெயிலில் ஜரிகை தகதகவென்று மின்ன, அது மறைகிற வரை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

தாய்ப்பன்றி ஓடவில்லை. அதற்கு லட்டு பாக்கி இருந்தது. அது என்னைப் பார்த்து ஒரு உறுமல் விட்டபோது சிவநேசன் அண்ணனின் ஆலோசனை நினைவுக்கு வந்து, பக்கத்து யூகலிப்டஸ் மரத்துக்கு ஓடினேன். வழுவழுவென்று வெள்ளை மரம். முதல் கிளை இருபது அடி உயரத்தில். ஏற முடியாதவன் என்ன செய்வான்? கட்டிப்பிடித்துக்கொண்டேன். கிரேம் தொப்பியைக் கழற்றி வீசிக்கொண்டு, கத்திக்கொண்டே ஓடி வந்தார். தாயும் குட்டிகளும் வரிசையாக, போனவரைத் தொடர்ந்து மாப்பிள்ளை ஊர்வலம் போவது மாதிரி மேட்டைத் தாண்டிப் போயின.

மான் எப்போதோ போயிருந்தது.

"இந்த மானுக்காக மூணு வருஷமா காத்திருந்தேன்" என்றார் கிரேம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மழை வரும் போலிருக்கிறது என்கிற தொனியில் சொன்னார்.

பிறகு கீழே குனிந்து, நசுங்கிய ஒரு தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் என்ன?"

"உங்களுக்கு."

"எனக்கா?"

"எங்க வழக்கம். மாப்பிள்ளையோட அப்பாவை முதல் தடவை பார்க்கப் போறப்ப இதெல்லாம் கொண்டுபோகணும். என் மனைவி ரெண்டு நாளா தயார் பண்ணினா."

அவர் தட்டுகளைப் பார்த்தார். மஞ்சளில் தோய்ந்த என்னைப் பார்த்தார். எல்லாவற்றையும் தின்ற பன்றிகள் எலுமிச்சம்பழங்களையும் பாக்கையும் மட்டும் விட்டுவைத்திருந்தன. சமுக்காளத்தின் மடிப்பில் காகிதம் சுற்றிய ஒரு லட்டு தப்பிக் கிடந்தது. அவர் அதை எடுத்து, காகிதத்தைப் பிரித்து, நின்றபடியே முழுதும் தின்றார்.

அன்று மாலை ரொட்டியும் பீன்ஸும் கொடுத்தார். நான் தலை குனிந்து சாப்பிட்டேன். ஒருத்தியின் ஆசை முழுவதையும் ஐஸ்பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பினால் அதைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு, மனிதரின் மூன்று வருட மானையும் விரட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அழுகையே வந்தது. கல்யாணத்தைப் பற்றிக் கேட்க எனக்கு முகம் இல்லை. சீக்கிரமே படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் கதவைத் தட்டினார். "கிளம்புங்க. என் துணியைத் தேடணும்."

"என்ன துணி?"

"அந்தப் பட்டு. எனக்குன்னு கொண்டுவந்ததுன்னு சொன்னீங்களே. அப்போ அந்தப் பன்றி என் துணியைப் போட்டுக்கிட்டுத் திரியுது."

மான் வேட்டை அப்படி வேட்டி வேட்டை ஆனது. சேற்றில் கால்தடம் பார்த்து அவர் முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன். ஒரு ஓடை, இரண்டு மேடு தாண்டி, பண்ணையின் எல்லையில் முள்வேலி. பன்றி கம்பிக்குக் கீழே நுழைந்து போயிருக்கிறது. வேட்டி கம்பியிலேயே மாட்டி, காற்றில் கொடி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

நான் அவசரமாக இழுக்கப் போனேன். அவர் கையைத் தடுத்தார். முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாக இழை பிரித்து எடுக்க ஆரம்பித்தார். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கிற கை, அவ்வளவு பெரிய விரல்கள், ஒரு நூலைக்கூட அதிகமாக அறுக்கவில்லை.

"இதை எப்போ கட்டுறது?" என்று கேட்டார், தலை நிமிராமல்.

"கல்யாணத்தன்னைக்கு. கோயில்ல."

"பார்க்லன்னுதானே சொன்னாங்க?"

இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது. சனிக்கிழமை காலை, பஞ்சாங்கத்தில் என்ன இருந்ததோ, நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வள்ளிக்கு ஒரே பெண் என்பதை, நீங்கள் வராமல் டேனியல் கோயிலுக்கு ஒத்துக்கொள்ள மாட்டான் என்பதை, அதற்காகத்தான் இத்தனை தட்டு என்பதை. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பையன் பக்கத்துல நின்னா போதும். முந்நூறு பேர் வருவாங்க, ஆனா எல்லாரும் பொண்ணைத்தான் பார்ப்பாங்க."

அவர் கை நின்றது. "லின் போனதுக்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் போகலை. தனியா நிக்கணும். அவ இருந்தா பேசிக்குவா, நான் அவ பக்கத்துல நின்னுக்குவேன். இப்போ அந்தக் கூட்டத்துல கையை எங்கே வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியாது."

நான் யோசிக்காமல் சொன்னேன். "வேட்டி கட்டினா அந்தக் கவலையே இல்லை. அவிழ்ந்துடக் கூடாதேன்னு ரெண்டு கையும் அதைப் பிடிச்சுக்கவே சரியா இருக்கும்."

கிரேம் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தம் வந்தது, அப்புறம் வேலிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "நீ அதுகூட இழுத்துக்கிட்டு நின்னியே, மேட்... 'சூ, சூ'ன்னு..." என்று என்னைப் போலவே கையை ஆட்டிக் காட்டினார். (இந்த இடத்தில் "நீங்க" போட எனக்கே மனம் வரவில்லை.)

சிரித்து முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "எந்தத் தேதின்னு டேன்கிட்ட சொல்லச் சொல்லு. வர்றேன்."

வீட்டுக்கு வந்ததும் வள்ளி வாசலுக்கே வந்து கேட்டாள். "என்ன சொன்னார்?"

"சம்மதிச்சுட்டார். கோயிலுக்கு வர்றார்."

"தட்டெல்லாம்?"

"எல்லாம் காலி. குடும்பத்தோட வந்து சாப்பிட்டாங்க."

"அவருக்கு அங்க குடும்பம் இருக்கா?" என்று அதிசயப்பட்டுக்கொண்டே உள்ளே போனாள். அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தாள். அதற்குள் கிரேம் டேனியலுக்கும், டேனியல் அகிலாவுக்கும், அகிலா அம்மாவுக்கும் சொல்லிவிட்டார்கள். அடுத்த மூன்று நாள் எங்கள் வீட்டில் ஒரு தட்டு வைக்கும் சத்தம்கூடக் கேட்கவில்லை. சிவநேசன் அண்ணன் மட்டும் ஐஸ்பெட்டியைத் திருப்பி வாங்க வந்தபோது, "மரத்தில ஏறினனீங்களோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வள்ளி புது வேட்டி எடுத்து அனுப்பினாள். கிரேம் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். என்னுடையது என்னிடம் இருக்கிறது என்றார்.

கல்யாணத்தன்று மேய்ஸ் ஹில் கோயிலுக்கு அதைக் கட்டிக்கொண்டுதான் வந்தார். முழங்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் கிழிசல். ஆட்டுக் காயம் தைக்கிற நூலால் அவரே தைத்திருந்தார், வரிசையாக, அளவெடுத்த மாதிரி. நாங்கள் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டும், இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் நின்றார். சடங்குக்குக் கூப்பிட்டபோது ஐயர் அந்தத் தையலைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"கிழிஞ்ச வஸ்திரத்தோட சடங்குல நிக்கலாமோ? வேற ஒண்ணு இருக்கா?"

கிரேமுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் எல்லோரும் தன் வேட்டியைப் பார்ப்பது புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. வள்ளி எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள்.

"அந்த வேட்டி ஏற்கெனவே ஒரு தடவை ஓடிப்போயிட்டு வந்திருக்கு சாமி. அவர்தான் தேடிக் கண்டுபிடிச்சுக் கொண்டுவந்தார். இதைவிட மங்களம் வேற என்ன வேணும்? நீங்க நடத்துங்க."

ஐயர் நடத்தினார். அகிலா கழுத்தில் தாலி ஏறியது. வள்ளி அழுதாள். அட்சதை போட வேண்டிய நேரத்தில் கிரேம் ஒரு கையைத்தான் எடுத்தார்.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் கல்யாண ஆல்பம் வெளியே வரும். கிரேம் படத்தில் விரலை வைத்து, "அடடா, வெள்ளைக்காரருக்குப் பட்டு வேட்டி எவ்வளவு பாந்தமா இருக்கு!" என்பார்கள். வள்ளி காபியை அவர்கள் முன்னால் வைத்து, என் பக்கம் கையைக் காட்டுவாள்.

"ஆமா, நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி கட்டினவருக்கு இன்னும் பாந்தமா இருந்துச்சாம். இவர்கிட்ட கேளுங்க, இவர்தான் கட்டிவிட்டார்."